தண்ணீர் எத்தனை அடி என்றும் எழுதுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் முப்பது வருடத்துக்கு மேலாக உங்கள் பத்திரிகைதான். இதுவரை ஆசிரியருக்குக் கடிதம் என்று எதுவும் எழுதியதில்லை. குறுக்கெழுத்துப் போட்டிக்கு ஒருமுறை அஞ்சலட்டை போட்டேன், பரிசு வரவில்லை. இப்போது எழுத உட்கார வைத்தவை பத்து நாள் இடைவெளியில் உங்கள் பத்திரிகையில் வந்த இரண்டு விஷயங்கள்.

முதலாவது விளையாட்டுப் பக்கத்தில் வந்த ஒரு படம். உயரமான மேடையிலிருந்து ஒரு பெண் தண்ணீரை நோக்கி வந்துகொண்டிருக்கிறாள். முழங்காலை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிப் பந்தாகச் சுருண்டிருக்கிறாள். படத்தின் கீழே ‘ஆழ்கடல் நீச்சல் வீராங்கனை’ என்று போட்டிருந்தீர்கள். ஆழ்கடல் நீச்சல் என்பது முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் மீன் பார்க்கப் போவது. இந்தப் பெண் கடலுக்கே போகவில்லை. இரண்டுக்கும் இங்கிலீஷில் டைவிங் என்ற ஒரே பெயர் இருப்பதால் வந்த வினை இது.

இரண்டாவது நாலாம் பக்கத்தில் வந்த ஒற்றைப் பத்திச் செய்தி. கிணற்றில் தலைகீழாகக் குதித்த 17 வயதுப் பையனுக்குக் கழுத்தெலும்பு முறிவு. தலைப்பு ‘விபரீதத்தில் முடிந்த சாகசம்’. பையன் பெயர், அப்பா பெயர், ஊர், சேர்த்த ஆஸ்பத்திரி, போலீஸ் விசாரிக்கிறது என்பது வரை எல்லாம் இருந்தது. கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி கிடந்தது என்பது மட்டும் இல்லை.

எனக்கு வயது 61. அறச்சலூர்ப் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். அரசுப் பள்ளிகளில் 31 வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ‘பீட்டி டீச்சர்’ என்றால்தான் இன்னும் சந்தைக்கடையில் எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றும். கிணற்றிலும் குதித்திருக்கிறேன், போட்டிப் பலகையிலிருந்தும் குதித்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன்.

எங்கள் தோட்டத்துக் கிணறு சதுரக் கிணறு. மேலே பத்தடிக்குக் கருங்கல் கட்டு, அதற்குக் கீழே பாறை வெட்டு. மேட்டிலிருந்து அடிப்பாறை 58 அடி. ஒரு பக்கச் சுவரில் கல்லுப் படிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பாதிக்குக் கீழே சுற்றிலும் ஒன்றரை அடி அகலத்தில் பாம்பேறி என்கிற திண்டு. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டுக் கொஞ்ச நாளில் கசிவு வந்து கிணறு ஏறத் தொடங்கும். மார்கழியில் பாம்பேறி முழுகிவிடும். பிறகு வாய்க்கால் நின்று, சித்திரை வெயில் அடித்து, பண்ணையத்துக்கும் இறைத்து இறைத்து, வைகாசியில் பார்த்தால் அடியில் மூன்று நாலு முழம் கிடக்கும். பள்ளிக்கூடம் லீவு விடுவதும் அப்போதுதான். கிணறு நிறைந்திருக்கும்போது பிள்ளைகளுக்கு அரைப் பரிட்சை. தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது முழு லீவு. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, ஆனால் எங்கள் ஊரில் கழுத்து முறிந்த கதைகளெல்லாம் சித்திரை வைகாசியிலேயே நடந்தவை.

ஏழு வயதில் எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டைக் கயிற்றில் கோத்து என் முதுகில் கட்டி இறக்கிவிட்டார். “மூக்கைப் புடிக்காத கண்ணு, வாயைத் தொறக்காத, அது போதும்” என்றார். பாடம் அவ்வளவுதான். ஒரு மாதத்தில் குடுக்கை ஒன்றானது, தைப்பொங்கலுக்குள் அதுவும் போனது. பாவாடையைக் கச்சம் மாதிரி இழுத்துச் செருகிக்கொண்டு பையன்களோடு சரிக்குச் சரி குதிப்பேன். தண்ணீர் அசையாமல் கண்ணாடியாகக் கிடந்தால் மட்டும் அப்பாரு குதிக்க விடமாட்டார். ஒரு கல்லை எடுத்து நடுவில் விட்டெறிவார். “உள்ள இருக்கறது ஒதுங்கட்டும்” என்பார். பாம்பைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வோம். இந்தக் கல்லைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் பெரியப்பா மகன் என்னைவிட மூன்று வயது மூத்தவன். எங்கள் வட்டாரத்தில் தலைகீழ் டைவ் என்றால் அவன்தான். மோட்டார் ரூம் மொட்டை மாடியில் ஏறி, கையை விரித்து, ஒரு நொடி அந்தரத்தில் நிற்கிற மாதிரி நின்று, பிறகு நேர்கோடாக உள்ளே போவான். பார்த்துக்கொண்டே இருக்கலாம். 1980 வைகாசியில் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் அதையே செய்தான். மார்கழியில் அதே இடத்தில் 25 அடி இருந்தது. அன்றைக்கு ஐந்தடிகூட இல்லை. மேலேயிருந்து பார்த்தால் நிழலில் எல்லாம் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். வழக்கம்போலக் குதித்தான்.

கிணற்றுக்குள் இறங்கிய இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்து அவனைத் தூக்கிப் படியில் உட்கார வைத்தார்கள். தலை முன்னால் தொங்கியது. அதன் பிறகுதான் கயிற்றுக்கட்டிலை இறக்கினார்கள். அப்படி உட்கார வைத்திருக்கக் கூடாது என்று அன்றைக்கு அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியாது. கழுத்தில் ஐந்தாவது எலும்பு என்றார் டாக்டர். தோளை அசைப்பான், முழங்கையை மடக்குவான், விரல் வராது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஆறு வருடம் திண்ணையில் கிடந்தான். ரேடியோவில் ஸ்டேஷன் மாற்ற என்னைத்தான் கூப்பிடுவான். படுக்கைப் புண்ணும் மூத்திரத் தொற்றும் 1986இல் அவனைக் கொண்டுபோயின.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரும் கிணற்று மேட்டுக்கே போகக் கூடாது என்று ஆனது. நான் 1983இல் வெளியூர்க் கல்லூரிக்குப் போனபோது, அங்கே நீச்சல் குளத்தை ஒட்டி டைவிங்குக்கென்று தனித் தொட்டி ஒன்று இருந்தது. ஒரு மீட்டர், மூன்று மீட்டர் பலகைகள். வீட்டில் சொல்லாமல் சேர்ந்தேன். அண்ணன் திண்ணையில் கிடக்கும்போது எப்படி மனசு வந்தது என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டதுதான். அவன் செய்ததில் எது தப்பு என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் போனேன் போலிருக்கிறது.

பயிற்சியாளர் பட்டாளத்திலிருந்து வந்தவர். முதல் நாள் பலகையில் ஏறப்போன என்னை நிறுத்தி ஒரு மூங்கில் கழியை நீட்டினார். அடிக்கு ஒரு சிவப்புக் கோடு. “அளந்துட்டு வாம்மா” என்றார். பன்னிரண்டரை அடி. மறுநாளும் கழியை நீட்டினார். அந்த வருடம் முழுக்கத் தினமும் அளந்தேன். தொட்டியில் தண்ணீர் குறையப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் கணக்கில் டைவிங்கின் முதல் பாடம் அதுதான். பலகையெல்லாம் அப்புறம்.

அந்தக் கழியைக் கையில் வைத்துக்கொண்டு நான் அண்ணனைத்தான் நினைத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் எனக்குக் கோபம்தான் வந்தது. பத்து வருடம் கிணற்றில் குதித்தவளுக்கு அளவு பார்க்கச் சொல்லித் தருகிறாரே என்று.

அளவு தெரிந்துகொள்ள வேண்டியவர்களுக்காக இங்கே எழுதிவிடுகிறேன். ஒரு மீட்டர் பலகைக்குக் கீழே மூன்றரை மீட்டர், அதாவது பதினொன்றரை அடித் தண்ணீர் வேண்டும். மூன்று மீட்டர் பலகைக்குப் பன்னிரண்டு பன்னிரண்டரை அடி. ஒலிம்பிக்கில் பார்க்கிற பத்து மீட்டர் மேடைக்கு ஐந்து மீட்டர், பதினாறரை அடி. வெறும் கரையில் நின்று தலைகீழாகப் போவதற்கே ஒன்பது அடியாவது இருக்க வேண்டும். நம் டவுன்களில் மணிக் கணக்கில் காசு வாங்கும் நீச்சல் குளங்கள் நாலடியில் தொடங்கி ஆறடியில் முடிகின்றன. அங்கே டைவ் அடிக்காதே என்று சுவரில் எழுதியிருப்பது நியாயம்தான்.

நான் கற்றுக்கொண்ட வரிசை இது. மூன்று வாரம் கரையில் உட்கார்ந்தபடி, கையைக் காதோடு ஒட்டித் தலைக்கு மேல் நீட்டி, முன்னால் சரிந்து விழுவது மட்டும். பிறகு ஒற்றை முழங்காலில். பிறகு நின்றபடி. அதற்கப்புறம்தான் பலகையின் நுனியில் நிற்க விட்டார். கைகளைப் பற்றி நான் நினைத்திருந்ததெல்லாம் தப்பு. விரல்களை வேல் மாதிரிக் கூராக்கிக்கொண்டு தண்ணீரைக் குத்த வேண்டும் என்றுதான் கிணற்றில் எல்லோரும் நினைப்போம். அப்படிப் போனால் தண்ணீர் நேராக உச்சந்தலையில் அறையும். கிணற்றில் குதித்த நாளெல்லாம் எனக்குப் பொழுதோட தலைவலி வந்தது அதனால்தான். ஒரு கையால் மற்றக் கையைப் பிடித்து, இரண்டு உள்ளங்கையும் தண்ணீரைப் பார்க்கும்படி தட்டையாக வைக்க வேண்டும். முழங்கை மடங்கக் கூடாது. தட்டையான கை தண்ணீரில் ஒரு ஓட்டை போடும், உடம்பு முழுக்க அந்த ஓட்டை வழியாக உள்ளே போகும். போனவுடன் கையைப் பக்கவாட்டில் இழுத்து விரித்தால் மேலே தெறிக்கவேண்டிய தண்ணீரும் பின்னாலேயே உள்ளே வந்துவிடும். அது சரியாக அமைந்தால் ஒரு சத்தம் வரும். ஜவுளிக்கடையில் காடாத் துணியை முனையில் கத்தரித்துவிட்டுச் சர்ரென்று கிழிப்பார்களே, அச்சு அசலாக அந்தச் சத்தம். என் வாழ்க்கையில் அதை நான் பதினைந்து இருபது தடவை கேட்டிருப்பேன்.

பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அலுமினியம், பதினாறடி நீளம், இருபது அங்குல அகலம். அடியில் ஒரு உருளை இருக்கும், பக்கத்தில் அதை நகர்த்த ஒரு சக்கரம். டி.வி.யில் பார்க்கும்போது ஏறியவுடன் காலால் எதையோ உருட்டுகிறார்களே, அதுதான். ஆளின் எடைக்கும் கணக்குக்கும் ஏற்றபடி துள்ளலைக் கூட்டிக் குறைப்பது. பிறகு மூன்று நாலு எட்டு நடந்து, ஒரு முழங்காலைத் தூக்கி ஒரு எம்பு, நுனியில் இரண்டு காலும் சேர்ந்து இறங்க வேண்டும். பலகை வளைந்து நிமிரும் தருணத்துக்காகக் காத்திருந்து அது தூக்கும்போது கூடவே போக வேண்டும். அவசரப்பட்டால் பலகை நம்மை விட்டுவிட்டுத் தனியாக நிமிரும். மேடை அப்படியல்ல, சிமெண்ட், கொஞ்சம்கூட அசையாது.

பாரிஸ் ஒலிம்பிக் நடந்த 2024இல் என் மகள் வயிற்றுப் பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். அவளோடு உட்கார்ந்து போனில் பார்த்தேன். டைவிங்கில் மொத்தம் எட்டுத் தங்கம், எட்டையும் சீனாவே கொண்டுபோனது. பேத்தி கேட்டாள், “அம்மிச்சி, மறுபடியும் தண்ணிலதான குதிக்கப்போறாங்க, எதுக்கு ஒவ்வொரு தடவையும் துண்டெடுத்துத் தொடைக்கறாங்க?” நல்ல கேள்வி. சுருளும்போது கெண்டைக்காலைக் கையால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஈரமாக இருந்தால் வழுக்கும், பாதிச் சுற்றில் கை விட்டால் ஆள் எந்தப் பக்கம் விழுவார் என்று தெரியாது. அதற்குத்தான் அந்தச் சின்னத் துண்டு. தண்ணீரின்மேல் எதற்கு ஓரத்திலிருந்து பூவாளி மாதிரித் தூவுகிறார்கள் என்றும் கேட்டாள். அசையாத தண்ணீரின் மேற்பரப்பு எங்கே இருக்கிறது என்று, சுழன்றுகொண்டே வருகிறவர் கண்ணுக்குத் தெரியாது. சலசலப்பு இருந்தால்தான் இன்னும் எவ்வளவு தூரம் என்று பிடிபடும். அப்பாருவின் கல் அதுதான். அவர் பாம்பைச் சொன்னாரோ எதைச் சொன்னாரோ, ஒலிம்பிக்கில் பைப் வைத்துச் செய்வதை அவர் ஓட்டுச் சில்லு கிடைத்தாலும் செய்துவிடுவார்.

அவளுக்குச் சொன்னதையே உங்கள் வாசகர்களுக்கும் சொல்கிறேன், அடுத்த ஒலிம்பிக்கில் பார்க்க உதவும். தாவல்கள் ஆறு வகை. முன்னால் பார்த்து நின்று முன்பக்கம் சுழல்வது ஒன்று. தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று பின்பக்கம் சுழல்வது இரண்டு. முன்னால் பார்த்துத் தாவி, பலகை இருக்கும் பக்கமே பின்னோக்கிச் சுழல்வது மூன்று. முதுகைக் காட்டி நின்று, பலகையை நோக்கி முன்பக்கமாகச் சுழல்வது நாலு. உடம்பை முறுக்கித் திருகுவது ஐந்து. ஆறாவது மேடையில் மட்டும், விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றித் தலைகீழாக நின்று அங்கிருந்து தொடங்குவது. உடம்பு நிமிர்ந்திருந்தால் ஏ, இடுப்பில் மட்டும் மடிந்திருந்தால் பி, முழங்காலையும் சேர்த்துச் சுருண்டால் சி. திரையில் 107 பி என்று வந்தால் பயப்பட வேண்டாம். முதல் எண் வகை, கடைசி எண் எத்தனை அரைச் சுற்று என்பது. ஏழு அரை, மூன்றரைச் சுற்று. முன்பக்கமாக, இடுப்பை மடித்து. எங்கள் ஊரில் மூன்றரை அந்தர் பல்டி.

மூன்றாவது வகை ஒன்றுதான் எனக்குக் கடைசிவரை கைவராதது. பலகை கண்ணுக்குப் பக்கத்தில் வந்து போகும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் கிரெக் லூகானிஸ் அந்த வகையில் இரண்டரைச் சுற்று போடும்போது பின்மண்டை பலகையில் பட்டது. தலையில் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்து தங்கமும் வாங்கினார். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. அந்தக் காட்சியைப் பார்த்தபிறகு, வராதது நல்லதுக்குத்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மதிப்பெண் போடுவது இப்படி. ஏழு நடுவர்கள், ஆளுக்குப் பத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். மேலே இரண்டையும் கீழே இரண்டையும் தள்ளிவிட்டு நடுவில் நிற்கும் மூன்றைக் கூட்டி, அந்தத் தாவலின் கடின எண்ணால் பெருக்குவார்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சீனாவின் சுவான் ஹோங்சான் என்ற 14 வயதுப் பெண் பத்து மீட்டர் மேடையில் 407 சி போட்டாள். கடினம் 3.2. நடுவில் நின்ற மூன்றும் பத்து பத்து. முப்பதை 3.2ஆல் பெருக்கினால் 96. அதற்குமேல் அந்தத் தாவலில் வாங்க வழியே இல்லை. மொத்தம் ஐந்து தாவலில் 466.20. குவாங்டாங் மாகாணத்தில் ஒரு கிராமத்துப் பெண், அப்பா ஆரஞ்சு விவசாயி. நம் நாடு இந்த விளையாட்டில் இதுவரை ஒரு ஒலிம்பிக் பதக்கமும் வாங்கியதில்லை.

என் சாதனையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு ஒரே ஒருமுறை போனேன். ஏழாவது இடம். கலந்துகொண்டவர்கள் ஒன்பது பேர். அதில் ஒரு தாவலில் சுற்று போதாமல் வயிறு தட்டையாகத் தண்ணீரில் அறைந்து, இரண்டு நாள் மார்பிலிருந்து தொடை வரை சிவந்து கிடந்தது. நீச்சல் உடை போட்டுக்கொண்டு ஆயிரம் பேர் முன்னால் குதித்தாள் என்று எப்படியோ சேதி ஊருக்குப் போய், அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அங்கே இருந்தவர்கள் அறுபது பேர் தேறினால் அதிகம்.

இப்போது அந்த 17 வயதுப் பையனுக்கு வருகிறேன். பத்து மீட்டர் என்றால் 33 அடி. அங்கிருந்து விழ ஒன்றரை நொடிக்கும் குறைவு, தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். அறச்சலூரிலிருந்து ஈரோட்டுக்குப் பைக்கில் போகிற வேகம். தண்ணீர் பாதிக் கிணற்றில் கிடக்கும்போது எங்கள் மேட்டிலிருந்து குதித்தால் ஏறக்குறைய அந்த உயரம்தான். அதாவது எங்கள் பையன்கள் யாரும் சொல்லித் தராமலே ஒலிம்பிக் உயரத்திலிருந்து குதித்துக்கொண்டிருக்கிறார்கள். சீனாவில் அந்த உயரத்துக்கு ஒரு பிள்ளையை ஏற்றுவதற்கு முன் டிராம்போலின், இடுப்பில் பெல்ட் கட்டிக் கயிற்றில் தொங்கவிடுவது, பஞ்சுக் குழி, பிறகு ஒரு மீட்டர், மூன்று, ஐந்து, ஏழரை என்று வருடக் கணக்கில் படிப்படியாகக் கொண்டுபோகிறார்கள். புதுத் தாவலுக்குத் தொட்டியின் அடியிலிருந்து காற்றை ஊதித் தண்ணீரை நுரையாக்கி மெத்தென்று வைக்கிறார்கள். நம் பையனிடம் இருப்பது தைரியம் மட்டும். அதற்கு நீங்கள் சாகசம் என்று பெயர் வைத்தால், அடுத்தவன் கேட்டுக்கொண்டு வருவான்.

தைரியம் குறைந்தவள் நான் என்பதால் சொல்கிறேன், டைவிங்கில் அதன் பங்கு ரொம்பக் கொஞ்சம். மற்றதெல்லாம் அளவு.

வசதி இல்லை என்பது முழுக் காரணம் இல்லை. சாமி லீ என்று கொரிய வம்சத்து அமெரிக்கர் ஒருவர் இருந்தார். சிறுவனாக இருந்தபோது அவர் ஊர்க் குளத்தில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை மட்டும்தான் அனுமதி. மற்ற நாட்களில் பழகுவதற்கு அவருடைய பயிற்சியாளர் ஒரு மணல் குழி வெட்டிக் கொடுத்தார். மணலில் காலூன்றித்தான் பல்டி பழகினார். 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் பத்து மீட்டர் மேடையில் தங்கம். டாக்டருக்கும் படித்தவர். இதைப் படித்த நாளிலிருந்து பள்ளியில் நீளம் தாண்டும் குழி எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. மணலைக் கிளறிப்போட்டு, ஓரத்தில் இரண்டு பழைய பெஞ்சை அடுக்கி, பெண்பிள்ளைகளுக்கு எம்புவதும் சுருள்வதும் நிமிர்ந்து காலூன்றுவதும் சொல்லிக் கொடுத்தேன். தட்டுப்போர், அதாவது காய்ந்த சோளத்தட்டை அடுக்கிவைத்த போர், பக்கத்தில் இருந்த ஒரு பள்ளியில் இன்னும் வசதி. ஒரு பெண் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றாள், சத்தியமாகச் சொல்கிறேன். பதினொன்றாம் வகுப்போடு நிறுத்திக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்குத் திருப்பூரில் பத்து மிஷின் போட்டு டெய்லரிங் யூனிட் நடத்துகிறாள். போன் பண்ணும்போதெல்லாம் அந்தத் தட்டுப்போரைக் கேட்பாள்.

அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிட எங்கள் பக்கத்தில் ஒரு டைவிங் பலகை இருந்ததில்லை. 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி சென்னை வேளச்சேரியில் நீச்சல் வளாகம் கட்டினார்கள். ஈரோட்டுப் பிள்ளை அதற்கு ராத்திரி ரயில் ஏற வேண்டும். பத்து மீட்டர் மேடை கேட்கவில்லை. புதிதாக நீச்சல் குளம் கட்ட யார் திட்டம் போட்டாலும் ஒரு மூலையில் பன்னிரண்டடி ஆழத்துக்குத் தனித் தொட்டி, ஒரு மீட்டர் பலகை ஒன்று, சொல்லிக் கொடுக்கத் தெரிந்த ஆள் ஒருவர். கொங்கு மாவட்டங்கள் அத்தனைக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று இருந்தால்கூடத் தொடங்கிவிடலாம். ஆயிரம் அடிக்கு போர் போட்டு நாமே வற்ற வைத்தும் வற்றாமல் மிஞ்சிய கிணறுகளில் இன்னும் நீச்சல் பழகுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு எம்பத் தெரியும், சுழலத் தெரியும், தண்ணீருக்குப் பயமில்லை.

பெற்றோர்களுக்கு ஒன்று. பிள்ளைகளைக் கிணற்றுப் பக்கமே விடாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் அதைச் செய்து, என் தம்பி பிள்ளைகள் மூன்று பேரும் நீச்சல் தெரியாமலே வளர்ந்தார்கள், அது இன்னொரு ஆபத்து. கிணற்றில் காலைக் கீழே வைத்துக் குதிக்கட்டும், அதுவும் தண்ணீரை அளந்த பிறகு. தலைகீழ் மட்டும் வேண்டாம். தண்ணீர் இருந்தாலும் உள்ளே ஃபுட்வால்வு குழாய், மோட்டார் கயிறு, போன மழையில் சரிந்த கல் எது எங்கே கிடக்கிறது என்று தெரியாது. யாராவது அடிபட்டுவிட்டால் அவசரப்பட்டுத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். முகம் மேலே இருக்கும்படி தண்ணீரிலேயே மிதக்க விட்டு, தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே நேராக இருக்கும்படி இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு 108க்குச் சொல்லுங்கள். அகலமான பலகை வந்த பிறகு தூக்கலாம். எங்கள் அண்ணனைத் தூக்கியவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்களில் ஒருவர் சாகும்வரை எங்கள் வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே வரவில்லை.

பத்திரிகைக்கு இரண்டு வேண்டுகோள். இந்த விளையாட்டை டைவிங் என்றே எழுதுங்கள், ஆழ்கடல் வேண்டாம். நல்ல தமிழ்ச் சொல் தேடி நானும் பார்த்துவிட்டேன். முத்துக்குளித்தல் என்பதில் இருக்கும் குளித்தல் மூழ்குவதுதான், ஆனால் ‘குளிப்பு வீராங்கனை’ என்று தலைப்புப் போட முடியாது. ‘நீர்ப்பாய்ச்சல்’ என்று எழுதினால் எங்கள் ஊரில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போய்விடுவார்கள். வாசகர்கள் யாராவது நல்ல சொல் அனுப்பினால் சந்தோஷம்.

மற்றது, இப்படிச் செய்தி வரும்போது உங்கள் நிருபரிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கச் சொல்லுங்கள். தண்ணீர் எத்தனை அடி? தலைப்பில் சாகசம் என்பதற்குப் பதிலாக ‘நாலடித் தண்ணீரில் தலைகீழாகக் குதித்தவர்’ என்று போடுங்கள். படிக்கிற பையன் தன் கிணற்றில் எத்தனை அடி என்று ஒருமுறையாவது எட்டிப் பார்ப்பான்.

எங்கள் மோட்டார் ரூம் ஆணியில் ஒரு கயிறு தொங்குகிறது. நுனியில் ஒரு துண்டு இரும்பு, அடிக்கு ஒரு முடிச்சு, ஐந்தடிக்கு ஒரு சிவப்புத் துணி. பேத்தி வரும்போதெல்லாம் அவள்தான் இறக்கி எண்ணிச் சுவரில் சாக்பீஸால் எழுதுவாள். அவள் ஊருக்குப் போய்விட்டால் நான். இன்று காலை ஏழு மணிக்குப் பதினோரு முடிச்சு நனைந்தது.

பெயர் போட வேண்டாம். பெரியம்மா இன்னும் இருக்கிறார், பேப்பரும் படிப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
அறச்சலூர் அருகே, ஈரோடு மாவட்டம்.